பாறைக்குள் ஒரு காமிரா

லூயி சிஹோயோஸ் எடுத்த 'தி கோவ்' (2009) டாக்குமெண்டரியைச் சென்ற மாதம் கள்ளக்குறிச்சியில் ஒரு நண்பர் வீட்டுச் சுவரில் போட்டுப் பார்த்தோம். மொத்தம் ஏழு பேர். படம் முடிந்ததும் ஆறு பேர் ஜப்பான்காரனைத் திட்டினார்கள். அந்தத் திட்டு அத்தனை சுலபமாக வந்ததுதான் என்னை உறுத்தியது.

ஜப்பானின் வாகயாமா மாகாணத்தில் தாய்ஜி ஒரு சிற்றூர். செப்டம்பரில் வேட்டைப் பருவம் தொடங்கும். படகுகள் வரிசை கட்டி நிற்க, நீருக்குள் இறக்கிய இரும்புக் குழாய்களைச் சுத்தியலால் தட்டுகிறார்கள். ஓங்கில் ஒலியைக் கொண்டு உலகை அறியும் பிராணி. அந்தச் சத்தம் அதற்கு ஒரு சுவர். சுவர் நகர நகரக் கூட்டம் ஒரு சிறு குடாவுக்குள் ஒதுங்குகிறது. வாயை வலை அடைக்கிறது. வித்தை பழக்க லாயக்கானவற்றைப் பயிற்சியாளர்கள் பொறுக்கிக்கொள்ள, மற்றவை இறைச்சியாகின்றன. படம் சொல்லும் கணக்கில் உயிரோடு விற்றால் 1,50,000 டாலர் வரை. இறைச்சியானால் 600 டாலர். ஆக, இந்த வேட்டைக்குப் பெரிய முதலீடு இறைச்சி தின்பவனுடையதல்ல. டிக்கெட் வாங்கிக் கை தட்டுகிறவனுடையது. இதைப் படம் சொல்கிறது, ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. அழுத்தியிருந்தால் நம் ஆறு பேரும் வேறு விதமாக எழுந்து போயிருப்பார்கள்.

படத்தின் உண்மையான நாடகம் ரிக் ஓபாரி என்ற மனிதர். 1960-களின் 'ஃப்ளிப்பர்' தொடருக்கு ஓங்கில்களைப் பிடித்துப் பழக்கியவர் இவர். வெள்ளிக்கிழமை இரவுகளில் டெலிவிஷன் பெட்டியைப் படகுத்துறைக்கு இழுத்துப்போய், கேத்தி என்ற ஓங்கிலுக்கு அதன் பிம்பத்தையே காட்டுவாராம். பிறகு அது அவர் கைகளில் மூச்சை நிறுத்திக்கொண்டு செத்தது. தற்கொலை என்கிறார். 1970 முதல், தான் கட்டியதை இடிப்பதே அவர் வேலை. படத்தின் முடிவில் மார்பில் ஒரு திரையைக் கட்டிக்கொண்டு சர்வதேசத் திமிங்கில வேட்டைக் கமிஷன் கூட்டத்துக்குள் நடக்கிறார். அன்று பிராணிக்குக் காட்டியவர் இன்று மனிதர்களுக்குக் காட்டுகிறார். டைரக்டர் இந்த இரண்டையும் அடிக்கோடிட்டுச் சேர்க்காமல் விட்டது அவர் பக்குவம்.

அந்தப் பக்குவம் எல்லா இடத்திலும் இல்லை. படத்தின் பாதி, கொள்ளையடிக்கும் கூட்டத்தின் சாகசக் கதை போல ஓடுகிறது: இரவு, உஷ்ண காமிரா, போலிப் பாறைகள். மீனவர்களில் ஒருவருக்குத் தெரிந்த ஆங்கிலம் 'பிரைவேட் ஸ்பேஸ்' என்ற இரண்டு வார்த்தைதான். அதையே அவருக்குப் பட்டப்பெயராக வைத்துவிடுகிறார்கள். ஓங்கிலுக்குப் பெயர் உண்டு. அந்த மனிதனுக்குக் கேலி மட்டும். இது சிறிய விஷயமல்ல. ஒரு ஜீவனுக்கு அனுதாபம் தேட இன்னொரு ஜீவனைக் கார்ட்டூனாக்குவது கலைக்கு அடுக்காது.

ஆச்சரியம் என்னவென்றால், இதே படம் தன்னையறியாமல் இந்தக் குறையைத் தாண்டிவிடுகிறது. போலிப் பாறைக்குள் வைத்துவிட்டுப் போன காமிராவுக்குப் பின்னால் ஆள் இல்லை. அதன் முன் மீனவர்கள் விடியலில் தீ மூட்டிக் குளிர் காய்கிறார்கள், பழைய திமிங்கில வேட்டை நாட்களைப் பேசிக்கொள்கிறார்கள். படம் முழுவதிலும் அவர்கள் மனிதர்களாகத் தெரிவது இந்தச் சில நிமிஷங்களில்தான். கொஞ்ச நேரத்தில் அதே மனிதர்கள் ஈட்டியைக் குத்த, குடா சிவப்பாகிறது. பேசிக்கொண்டிருந்தவர்களும் குத்துகிறவர்களும் ஒருவரே என்பதைத் தாங்குவதுதான் கஷ்டம். திட்டுவது அந்தக் கஷ்டத்திலிருந்து தப்பிக்கும் வழி.

நமக்குத் தப்பிக்க உரிமை இல்லை. தேவர் பிலிம்ஸின் 'நல்ல நேரம்' (1972) யானைகளுக்குக் கை தட்டிய ஜனங்கள் நாம். அந்த யானைகள் எப்படிப் பழகின என்று எந்த விமர்சகனும் கேட்டதாகத் தெரியவில்லை. 1990-களின் கடைசியில் சென்னைக்கருகே காட்சிக்குக் கொண்டுவந்த ஓங்கில்கள் சில மாதங்களில் செத்தன. இத்தகைய காட்சியகங்களுக்கு அனுமதியில்லை என்று மத்திய அரசு சொன்னது 2013-ல். ஜப்பானிய மீன்காட்சியகங்களின் சங்கம் தாய்ஜியில் துரத்திப் பிடித்தவற்றை வாங்குவதில்லை என்று 2015-ல் தீர்மானித்தது. வேட்டை நிற்கவில்லை. அம்பலப்படுத்துவது ஒரு காரியத்தின் ஆரம்பம் மட்டுமே.

இதை எழுதுகிறவன் ஒரு வங்கிக் குமாஸ்தா. 2024 ஜூனில் எங்கள் ஊர்க் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டபோது காமிராக்கள் வந்தன. பின்பு கல்வராயன் மலைக்கும் ஏறின. 1976 வரை ஜாகிர்தார்கள் ஆண்ட மலை அது. அதன் ஜனங்களின் நிலை குறித்து உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்ததும் அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான். எனவே காமிரா வந்திருக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் காமிராக்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஆள் நின்றான். ஒப்பாரியை இன்னொரு முறை கேட்டான்.

சில வாரங்கள் கழித்து ஒரு பெண் நிவாரணப் பணம் பற்றி விசாரிக்க என் கவுண்டருக்கு வந்தாள். பாஸ்புக்கை நீட்டியபடி கேட்டாள்: "நான் அழுவுறத டி.வி.ல காட்டுனாங்களாம் சார். நீங்க பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். இல்லை என்று சொல்லிவிட்டுப் பதிவு போட்டுக் கொடுத்தேன்.