பேசும் வளனும் பேசா யோசேப்பும்

வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி, 36 படலங்களில் 3615 பாடல்களால் புனித சூசையப்பரைப் போற்றும் பெருங்காப்பியம். காப்பியத் தலைவருக்குக் கவிஞர் சூட்டிய பெயர் வளன். 'இறைவன் பெருகச் செய்வாராக' என்னும் எபிரேயப் பெயரின் கருத்தை ஒரே தமிழ்ச் சொல்லில் அடக்கிய திறம் வியப்பிற்குரியது.

ஆயினும் ஒன்றைச் சுட்டாதிருத்தல் இயலாது. நற்செய்தி நூல்களில் யோசேப்பு மொழிந்ததாக ஒரு சொல்லும் இல்லை. தேம்பாவணியின் வளனோ எகிப்து நாட்டில் நெடிய அறவுரை நிகழ்த்துகின்றார். காப்பிய மரபு தன் தலைவரைப் பேச வைக்கும், அது குற்றமன்று. அவ்வணியழகில் மயங்கி, மத்தேயு காட்டும் மனிதரை நாம் மறந்துவிடுவதே குற்றம்.

அக்குற்றத்தை நானும் செய்தேன். இளங்குருவாயிருந்தபோது, மார்ச் 19ஆம் நாள் திருவிழா மறையுரையில் தேம்பாவணியின் நயங்களை அடுக்கினேன். திருப்பலி முடிந்ததும் முதிய தச்சர் ஒருவர் கேட்டார்: "சாமி, சூசையப்பர் ஒரு கதவுக்கு என்ன கூலி வாங்கியிருப்பாரு?" குருமடத்தில் கற்ற மறையியல் அப்போது எனக்குக் கைகொடுக்கவில்லை.

மத்தேயு யோசேப்பை நேர்மையாளர் என்கிறார்; பின்னர் அவர் செய்தவற்றை மட்டுமே கூறுகிறார். விழித்தெழுந்து மரியாவை ஏற்றுக்கொண்டார். இரவிலேயே குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். இயேசுவை ஊரார் தச்சர் மகன் என்றே அறிந்திருந்தனர். ஆகவே அந்த நேர்மை பட்டறையிலும் விளங்கியிருக்க வேண்டும்: பேசிய கூலியில், தேர்ந்த மரத்தில், சொன்ன தவணையில்.

தேம்பாவணியைச் சுவைத்துப் படிப்போம். நூலை மூடிவைத்தபின், அத்தச்சரின் வினாவை அவரவர் தொழிலில் கேட்டுப் பார்ப்போம்.