ஆகாயத்தில் தொடங்கும் கதைகள்

நம் பத்திரிகைக் கதைகளில் யுத்த விமானம் வரும்போதெல்லாம் அது ஏற்கெனவே ஆகாயத்தில் பறந்துகொண்டிருக்கும். கதாநாயகன் உள்ளே உட்கார்ந்திருப்பான். கீழே ஒரு தாயோ காதலியோ கண்ணீருடன் நிற்பாள். எதிரி விமானம் ஒன்று தீப்பற்றி விழும். சினிமாவிலும் இதே சங்கதிதான். அந்த விமானத்தை யார் செய்தார்கள், எத்தனை வருஷம் ஆயிற்று, எவ்வளவு பணம் போயிற்று என்று ஆசிரியரும் சொல்வதில்லை, வாசகரும் கேட்பதில்லை. அர்ஜுனனுக்குத் தேரும் காண்டீபமும் அக்கினி பகவான் வாங்கிக் கொடுத்தவை. ஆயுதம் என்றால் அது தேவர்கள் தருவது, தச்சன் செய்வதல்ல என்ற எண்ணம் நம் கதைகளில் இன்னும் போகவில்லை.

இது வெறும் இலக்கியக் குறை என்றால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். யந்திரம் செய்வது எப்படிப்பட்ட காரியம் என்று கதை படித்து அறியாத ஜனங்கள், பத்திரிகையில் யந்திரத்தைப் பற்றிச் செய்தி வந்தால் இரண்டே விதமாகத்தான் பேசுவார்கள். ஒன்று, உலகமே வியக்கிறது என்பார்கள். அல்லது, நம்மவர்களுக்கு இதெல்லாம் வராது என்பார்கள். இரண்டும் சோம்பல் பேச்சு.

இங்கிலீஷில் இதற்கு விதிவிலக்காக ஒரு நாவல் உண்டு. நெவில் ஷூட் 1948-இல் எழுதிய 'நோ ஹைவே'. ஷூட் விமானத் தொழிலிலேயே ஊறியவர். 'ஆர் 100' என்ற ஆகாயக் கப்பலைக் கட்டியதில் பங்கு கொண்டவர். 1931-இல் சொந்தமாக விமானக் கம்பெனியே தொடங்கியவர். அவருடைய கதாநாயகன் விமானி அல்ல. ஹனி என்ற, மனைவியை இழந்த, அசடு வழிகிற ஆராய்ச்சிக்காரன். ஒரு புது விமானத்தின் வால் பகுதி 1,440 மணி நேரம் பறந்ததும் களைத்து முறிந்துவிடும் என்று அவன் கணக்குப் போடுகிறான். உலோகமும் மனிதனைப் போலக் களைக்கும் என்பதுதான் கதையின் கரு. தான் பிரயாணம் செய்கிற விமானமே அந்த ரகம் என்றும், கெடு நெருங்கிவிட்டது என்றும் நடு வானத்தில் அவனுக்குத் தெரியவரும் கட்டத்தில், எந்த வாளும் துப்பாக்கியும் தர முடியாத படபடப்பு வாசகனுக்கு ஏற்படுகிறது.

கதை வெளிவந்து ஆறு வருஷத்தில் உண்மை வந்து அதற்குச் சாட்சி சொன்னது. 1954-இல், மூன்று மாத இடைவெளியில், இரண்டு 'காமெட்' ஜெட் விமானங்கள் இத்தாலிக்குப் பக்கத்துக் கடலில் விழுந்தன. இங்கிலாந்தில் ஒரு காமெட்டின் உடலைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். உலோகம் களைத்துக் கிழிந்தது.

இந்த நாவலைச் சமீபத்தில் நான் மறுபடி படித்தது பழவேற்காட்டில். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மீனவர் குப்பம் ஒன்றில் சில நாட்கள் தங்கியிருந்தேன். விமானத்துக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அந்த நூற்றாண்டில் அங்கே வெடிமருந்துச் சாலையும் நடத்தினார்கள். பழவேற்காட்டு மருந்து கப்பலேறிக் கீழ்த்திசைத் துறைமுகங்களுக்குப் போயிற்று. ஆக, யுத்த சாமான் செய்வது அந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஆனால் நான் சொல்ல வந்த சம்பந்தம் அதுவும் அல்ல.

கரையில் ஒரு ஃபைபர் படகு மூன்று நாளாகக் கிடந்தது. பழுதொன்றும் வெளியே தெரியவில்லை. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரைக் கேட்டேன்.

"போட்டு நல்லாத்தான் சார் இருக்குது. இஞ்சின்லதான் ஒரு சாமான் போயிடுச்சு. மெட்ராஸ்ல இல்லியாம், வரணும்ங்கறாங்க."

"இங்கேயே செய்ய முடியாதா, ஐயா?"

அவர் சிரித்தார். "போட்டு நம்ம ஆளுங்களே செஞ்சிடுவாங்க. இஞ்சின் அப்பிடியா? உடம்பு நம்ம கையில. உசுரு வேற எங்கியோ இருக்குது."

இந்திய யுத்த விமானத்தின் அறுபத்தைந்து வருஷ சரித்திரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

1956-இல் கர்ட் டாங்க் என்ற ஜெர்மன் நிபுணர் பெங்களூருக்கு வந்தார். அவரும், அவருடன் வந்தவர்களும், நம் இஞ்சினீயர்களும் சேர்ந்து 'மாருத்' என்ற போர் விமானத்தை உருவாக்கினார்கள். 1961 ஜூன் 17-ஆம் தேதி அது பறந்தது. ஆசியாவில் அந்நாளில் அது சாமானியமான காரியமல்ல. அழகான உடல், ஒலியின் வேகத்தைத் தாண்டுவதற்கென்றே வரைந்த உடல். ஆனால் அதற்கென்று நினைத்திருந்த பலமான எஞ்சின் வந்து சேரவில்லை. இங்கிலாந்தில் அதைச் செய்து முடிக்கப் பணம் வேண்டும். நாம் கொடுக்கத் துணியவில்லை. எகிப்தில் தயாராகிக்கொண்டிருந்த எஞ்சினைக்கூடப் பொருத்திப் பார்த்தார்கள், அதுவும் கூடிவரவில்லை. கடைசிவரையில் மாருத் பலம் குறைந்த இரட்டை எஞ்சின்களோடுதான் பறந்தது. எஞ்சினின் பலத்தைக் கூட்டிப் பார்க்கும் முயற்சியில், 1970 ஜனவரியில், அதை முதன்முதல் ஓட்டிய சுரஞ்சன் தாஸ் உயிரையே கொடுத்தார். 1971 யுத்தத்தில் மாருத் நன்றாகவே வேலை செய்தது. மொத்தம் 147 விமானங்கள். 1990-இல் எல்லாம் ஓய்ந்தன.

இதில் பெரிய நஷ்டம் அந்த விமானம் அல்ல. அதைச் செய்த கைகள். மாருத்துக்குப் பின் உடனே அடுத்ததைத் தொடங்கியிருந்தால் கற்றவன் கற்பித்திருப்பான். அப்படி நடக்கவில்லை. 'தேஜஸ்' என்று பிற்பாடு பெயர் பெற்ற இலகு ரகப் போர் விமானத்துக்கு அனுமதி கிடைத்தது 1983-இல். ஆரம்ப ஒதுக்கீடு 560 கோடி ரூபாய். இடையில் இருபத்திரண்டு வருஷம். பழவேற்காட்டுக் கரையில் ஃபைபர் வந்த பிறகு கட்டுமரம் செதுக்கத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. தொழில் புஸ்தகத்தில் இருப்பதில்லை. ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்குப் போகும்போதுதான் அது உயிரோடு இருக்கிறது.

தேஜஸ் முதலில் பறந்தது 2001 ஜனவரி 4-ஆம் தேதி. பதினெட்டு வருஷம் ஏன் என்று கேட்பது நியாயம்தான். பதிலும் நியாயமாக இருக்க வேண்டும். இந்த விமானம் தானாக நிலைத்து நிற்காதபடியே வேண்டுமென்று செய்யப்பட்டது. ஒல்லியான ஓடம் சட்டென்று திரும்பும், ஆனால் சட்டென்று கவிழவும் பார்க்கும் அல்லவா? அதைப் போல. கவிழாமல் கணத்துக்குக் கணம் பிடித்து நிறுத்துவது கம்ப்யூட்டர். அந்தக் கணக்குகளைச் சோதிப்பதில் அமெரிக்கர்கள் உதவிக்கொண்டிருந்தார்கள்; 1998-இல் பொக்ரானில் அணுகுண்டு வெடித்ததும் கதவைச் சாத்தினார்கள். மீதி வேலையைப் பெங்களூரிலேயே செய்து முடித்தார்கள். இது ஒரு நாவலுக்கு வேண்டிய விஷயம், ஒருவரும் எழுதவில்லை.

எஞ்சின் கதை இன்னும் கடினம். 1989-இல் 382.81 கோடி ரூபாய் மதிப்பில் நாமே செய்யத் தொடங்கிய எஞ்சினுக்குக் 'காவேரி' என்று பெயர் வைத்தார்கள். காவேரியைப் பற்றித் தமிழனுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டாம். நம்பிய காலத்தில் வராது. மதிப்பு 2,839 கோடிக்கு உயர்ந்தது; கேட்ட பலம் கிடைக்கவில்லை; எடையும் கூடிப்போயிற்று. 2008-இல் தேஜஸிலிருந்து அதைப் பிரித்துவிட்டார்கள். தேஜஸ் அமெரிக்க எஞ்சினோடு பறக்கிறது. ஜெட் எஞ்சினுக்குள் சுழலும் சிறு தகடுகளைச் சுற்றி ஓடும் வாயுவின் உஷ்ணம், அந்தத் தகடு எந்த உலோகமோ அது உருகும் உஷ்ணத்தைவிட அதிகம். தகட்டுக்குள்ளே நுண்ணிய துவாரங்கள் வைத்து, காற்றைச் செலுத்திக் குளிர்வித்து, உருகாமல் காக்கிறார்கள். உலகத்தில் இதை முழுக்கச் செய்யத் தெரிந்த தேசங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. தெரிந்தவர்கள் சொல்லித் தருவதில்லை. சொல்லித் தந்தாலும், சுட்டுக்கொண்டு கற்றவனுக்குத்தான் அது வரும்.

பணம்? 2021-இல் 83 தேஜஸ் விமானங்களுக்குச் சுமார் 48,000 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தமாயிற்று; 2025 செப்டம்பரில் இன்னும் 97-க்கு 62,370 கோடி. வகுத்துப் பார்த்தால் இரண்டாவது ஒப்பந்தத்தில், துணைச் சாமான்களையும் சேர்த்து, ஒன்றுக்கு 640 கோடிக்கு மேல். தலை சுற்றுகிறது. ஆனால் எல்லாம் தெரிந்த அமெரிக்கர்களின் எஃப் 35 விமானத் திட்டத்துக்கு, அதன் ஆயுள் முழுவதற்கும் ஆகும் செலவை அவர்களுடைய தணிக்கையாளர்களே 2 லட்சம் கோடி டாலருக்கு மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். செலவுக்குக் காரணம் மடமை மட்டும் அல்ல, வேலையின் சுபாவமும்தான்.

இதைச் சொல்வது தாமதத்துக்கு வக்காலத்து வாங்க அல்ல. தேஜஸ் வராத வருஷங்களிலெல்லாம் நம் பிள்ளைகள் மிக் 21-இல் பறந்தார்கள்; 2025 செப்டம்பர் 26-ஆம் தேதிதான் அதற்கு விடை கொடுத்தோம். தாமதத்தின் விலையை ரூபாயில் மட்டும் எழுதிவிட முடியாது. தேஜஸின் முதல் படைப் பிரிவு 2016-இல் உருவாகி, 2018-இல் கோயம்புத்தூருக்குப் பக்கத்துச் சூலூருக்கு வந்தது. 2025 நவம்பர் 21-ஆம் தேதி துபாய் விமானக் காட்சியில் ஒரு தேஜஸ் விழுந்து விமானி மாண்டார். அன்று துக்கப்பட்டவர்கள் உண்டு. கேலி செய்தவர்களும் உண்டு. தண்ணீர்த் தொட்டியில் காமெட்டை வைத்துப் பார்த்தவர்களுடைய பொறுமை எத்தனை பேரிடம் இருந்தது?

இனி ஷூட்டின் நாவலில் எனக்குள்ள குறைகளைச் சொல்லிவிடுகிறேன். ஹனி தனி ஆள்; சுற்றிலும் உள்ளவர்கள் பெரும்பாலும் அவனை நம்பாதவர்கள்; கடைசியில் அவன் சொன்னதே சரி. உண்மையில் ஒரு விமானத்தை ஆயிரக்கணக்கானவர்கள் செய்கிறார்கள். அவர்களில் நல்லவர்களும் பாதி நாள் தப்பாகவே கணக்குப் போடுகிறார்கள். அந்தத் தப்பின் கதை ஷூட்டிடம் இல்லை. அதைவிட மோசம், காட்டில் தொலைந்த வால் பகுதியை ஹனியின் சிறு மகள் ஆவி எழுத்தில் எழுதிக் கண்டுபிடித்துத் தருகிறாள்! உழைப்பையே கதையாக்கிய ஆசிரியர், முக்கியமான கட்டத்தில் உழைப்பை நம்பாமல் மந்திரத்திடம் போய்விட்டார். அக்கினி பகவான் அங்கேயும் வந்துவிட்டார்.

மூன்றாவது குறை: பெரிய யந்திரங்களுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று அவர் பார்ப்பதில்லை. பழவேற்காட்டு ஏரிக்கு அந்தண்டை ஸ்ரீஹரிகோட்டா. 1971-லிருந்து அங்கே ராக்கெட் கிளம்புகிறது. அது விமானம் அல்லதான். ஆனால் பாடம் ஒன்றே. ராக்கெட் ஏவும் நாட்களில் இந்தக் குப்பத்துக்காரர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். உலகம் கை தட்டுகிற அந்தக் காலை, இங்கே கூலியில்லாத காலை. அவர்கள் ராக்கெட்டை வெறுக்கவில்லை; பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கரையில் நின்று பார்க்கிறார்கள். ஆனாலும் அந்த ஒரு நாள் மீனும் செலவுக் கணக்கில் சேர வேண்டியதுதான். கோடிகளை எழுதுகிறவர்கள் அதை எழுதுவதில்லை. நாவலாசிரியன் எழுத வேண்டும்.

நமக்கு வேண்டிய நாவல் ஒன்று உண்டு. அதில் விமானம் கடைசி அத்தியாயத்தில்தான் பறக்க வேண்டும். பறக்காமல் போனாலும் பாதகமில்லை. பெங்களூரில் முப்பது வருஷம் ஒரே தகட்டோடு மல்லாடி, அது உருகுவதைப் பார்த்துப் பார்த்து ஓய்வு பெற்ற ஒருவன் அதன் நாயகனாக இருக்கட்டும். தான் கண்ட தோல்விகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிப் பக்கத்து மேஜைப் பையனிடம் அவன் கொடுத்துவிட்டுப் போனானா, இல்லையா? கதையின் முடிச்சு அதுதான். தேசத்தின் முடிச்சும் அதுதான். அந்த நோட்டு கை மாறினால் செலவழித்த கோடிகள் படிப்புக்குக் கட்டிய சம்பளம். மாறாவிட்டால் அவ்வளவும் கடலில் கொட்டிய பணம்.