வளவை ஆண்ட ஆச்சிமார்

நாட்டுக்கோட்டை நகரத்தாரைப் பற்றி எழுதப்பட்டுள்ள நூல்களில் பெரும்பகுதி, ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் ஆகிய ஊர்களில் அவர்கள் நடத்திய வட்டிக்கடைகளைப் பற்றியும் அக்கடைகளில் புரண்ட முதலைப் பற்றியுமே பேசுகின்றன. அந்த முதல் எந்த வீட்டிலிருந்து புறப்பட்டு எந்த வீட்டுக்குத் திரும்பியதோ, அந்த வீட்டைக் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கானாடுகாத்தானிலும் இருந்தபடி நாற்பது ஐம்பது ஆண்டுகள் நடத்திய ஆச்சி, அந்நூல்களில் திருமணச் செய்தியாக வந்து, இறப்புச் செய்தியாக மறைகிறார். ஆச்சி என்பது மணமான நகரத்தார் பெண்ணைக் குறிக்கும் மரியாதைச் சொல். அவரை வீட்டுக்குள் அடங்கிய இல்லத்தரசியாக மட்டும் காணும் வரை, அச்சமூகத்தின் வணிக வரலாறும் பாதி வரலாறாகவே நிற்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி இரண்டாம் உலகப்போர் வரை, செட்டிநாட்டு ஊர்களில் வேலை செய்யும் வயதிலுள்ள ஆண்கள் பெரும்பாலும் ஊரில் இல்லை. முதலாளியின் கடையைக் கடல் கடந்த ஊரில் நடத்தும் முகவர், மேலாள் எனப்பட்டார். அவருக்குக் கீழே அடுத்தாளும், எடுபிடி வேலை பார்த்தபடி கணக்குப் பழகும் பெட்டியடிப் பையனும் இருந்தார்கள். ஒரு கணக்குக்குப் போவது என்றால் ஏறத்தாழ மூன்றாண்டுகள் மனைவி மக்களை ஊரில் விட்டுச் செல்வது என்று பொருள். ஆண்கள் அவ்வாறு போய் வந்துகொண்டிருந்தபோது, ஒரு தெருவில் முகப்பும் மறுதெருவில் பின்வாசலுமாக நீண்ட அந்த வீடுகளில், வேலையாட்களின் கூலி, நெல் வரவு, பிள்ளைகளின் படிப்பு, உறவினர் வீட்டு நல்லது கெட்டது, கோயில் மகமை ஆகிய அனைத்தும் மூத்த ஆச்சியின் சொல்லுக்குக் காத்திருந்தன. முகப்பும் அதன் பட்டாலையும் ஆண்களின் இடமாக இருக்க, வளவு எனப்படும் நடுமுற்றமும் இரண்டாங்கட்டும் அடுப்படியும் அவருடைய ஆட்சிக்கு உட்பட்டிருந்தன.

அந்த ஆட்சி, வெளியிலிருந்து பார்ப்பவர் எண்ணுவதுபோல ஒரே உலையில் எல்லோருக்கும் சோறு பொங்கும் கூட்டுக்குடும்பத்தின் மீது நடந்த ஆட்சி அன்று. நகரத்தாரிடையே மகனுக்குத் திருமணமாகிச் சில காலம் கழிந்ததும், அதே வீட்டுக்குள்ளேயே அவனுக்கும் மருமகளுக்கும் தனி அறையும் தனி அடுப்பும் கொடுத்து, ஆண்டுக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம் என்று அளந்துவிடும் வழக்கம் உண்டு. இதனை வேறு வைத்தல் என்பர். இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி முதலாக உள்ள ஒன்பது நகரக் கோயில்களில், மணமான ஒவ்வொரு இணையும் ஒரு புள்ளியாகக் கணக்கில் ஏறுவதால், குடும்பம் என்பது பல புள்ளிகள் ஒரு கூரையின் கீழ் தத்தம் வரவுசெலவை நடத்தும் அமைப்பாகவே இருந்தது. ஐந்து மருமக்கள் ஐந்து அடுப்பில் சமைக்கும் வளவில் மூத்த ஆச்சியின் வலிமை, ஒருவருக்குக் கூடுதலாகவும் ஒருவருக்குக் குறைவாகவும் போய்விடாமல் அளப்பதிலேயே இருந்தது. அளவு பிசகினால் மாமியாரின் சொல் அன்றோடு செல்லாமல் போகும். அதனால் அவர் எழுத்தும் கணக்கும் அறிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், கணக்கின் நியாயத்தை அறிந்தவராக இருந்தே ஆக வேண்டியிருந்தது.

ஆச்சியின் அதிகாரத்துக்கு வேர் மாமியார் என்னும் நிலையில் மட்டும் இல்லை. அவர் கொண்டுவந்த பொருளில் இருந்தது. மணப்பெண்ணுக்குப் பிறந்த வீடு கொடுத்த வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், மரம், மங்கு, கல் என்று பலவகைச் சாமான்கள் சிட்டை எழுதிக் கொடுக்கப்பட்டன. பாத்திரத்தின் விளிம்பில் பெயரோ, முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த குடும்ப விலாசமோ வெட்டப்பட்டிருக்கும். இன்றும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் ஒரு குத்துப்போணியைத் திருப்பிப் பார்த்தால் அந்த எழுத்துகள் தென்படும். திருமணத்தோடு முடியாமல், தலைத்தீபாவளி, பிள்ளைப்பேறு, புதுமனை, கணவரின் அறுபதாம் ஆண்டு நிறைவுச் சாந்தி என ஆயுள் முழுதும் பிறந்த வீட்டிலிருந்து சீர் வந்தவண்ணம் இருந்தது. பெண்ணுக்கென்று கொடுக்கப்பட்ட ரொக்கம் பெட்டகத்தில் உறங்கவில்லை. அது வட்டிக்கு விடப்பட்டது. வட்டிக்கடைகளின் ஏடுகளில், முதலாளியின் சொந்த முதல், கோயில் பணம் ஆகியவற்றோடு ஆச்சிமார் பணம் என்று தனித் தலைப்பிலேயே அது வரவு வைக்கப்பட்டிருந்தது. பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு 1929-30இல், அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகளும் சுமார் 75 கோடி ரூபாய் முதலும் இருப்பதாக மதிப்பிட்டது. அந்தக் கோடிகளுக்குள் மருமக்களின் சீதனமும் மகள்களுக்காகத் தாய்மார் சேர்த்துவைத்த பணமும் கலந்திருந்தன என்பதை உணர்ந்தால், ஐராவதிச் சமவெளியின் நெல்வயலுக்கும் செட்டிநாட்டு இரண்டாங்கட்டுக்கும் இடையே ஓடிய இழை கண்ணுக்குத் தெரியும்.

ஆய்வுலகம் இந்த இழையை மெல்லத்தான் பற்றியது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் ஏழு தொகுதி நூல், நகரத்தாரின் சடங்குகளையும் அணிகலன்களையும் விரிவாக விவரிக்கிறது. ஆயினும் அது வெளியாளின் பார்வையில் தொகுத்த பட்டியலைத் தாண்டவில்லை. டேவிட் ரட்னர் 1994இல் எழுதிய நூல், கடை, கோயில், மணவுறவு ஆகிய மூன்றும் எவ்வாறு ஒரே கடன்வலையின் கண்ணிகளாக இயங்கின என்பதைக் காட்டியது. அதில் பெண் இரு குடும்பங்களை இணைக்கும் பாலமாக வருகிறாரே தவிர, பாலத்தின் மீது நடக்கும் ஆளாக வருவதில்லை. ஜப்பானிய மானுடவியலாளர் யூக்கோ நிஷிமுரா 1998இல் வெளியிட்ட ஆய்வே நகரத்தார் பெண்ணின் சொத்துரிமையையும் உறவுமுறையையும் நடுவில் வைத்து எழுதப்பட்டது. துறையின் திருப்புமுனை என்று அதனைத் தயங்காமல் சொல்லலாம். சு. முத்தையாவும் மீனாட்சி மெய்யப்பனும் விசாலாட்சி ராமசாமியும் இணைந்து 2000இல் கொணர்ந்த செட்டியார் மரபு பற்றிய நூல், வீட்டையும் அதன் பொருள்களையும் உள்ளிருந்து அறிந்தவர்களின் கண்கொண்டு பதிவு செய்தது. இலக்கியத்தில் ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி கடல் கடந்த கடைகளின் ஆண்களை மறக்கவியலாதபடி தீட்டியிருக்கிறது. அந்தக் கடைகளுக்காக ஊரில் காத்திருந்த வளவுக்கு அப்படி ஒரு பெருநாவல் இன்னும் எழுதப்படவில்லை என்பது தமிழுக்கு உள்ள குறை.

கணவர் இறந்தபின் ஆச்சியின் நிலை இருமுனைப்பட்டது. வெள்ளைச் சேலையும் மங்கல காரியங்களிலிருந்து விலகலும் ஒருபுறம் அவரை ஒடுக்கின; மறுபுறம், பிள்ளை இல்லாத இடத்தில் புள்ளி அற்றுப்போகாமல் காக்கும் பொறுப்பு அவர் கையில் வந்தது. இராமநாதபுரம் ஜமீன் தொடர்பான வழக்கில் 1868இல் பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்பு, கணவர் வெளிப்படையாக அனுமதி தராமல் இறந்திருந்தாலும், தென்னாட்டில் கைம்பெண் கணவரின் நெருங்கிய உறவினர் ஒப்புதலோடு சுவீகாரம் செய்யலாம் என்று நிலைநாட்டியது. செட்டிநாட்டின் அண்டையிலேயே எழுந்த இவ்வழக்கு அப்பகுதிக் குடும்பங்களுக்கு நேரடிப் பயன் உடையது. எனினும் கணவர் சொத்தில் கைம்பெண்ணுக்கு இருந்தது வாழ்நாள் வரைக்குமான வரையறுக்கப்பட்ட உரிமையே. அது முழு உரிமையாக மாற 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் வர வேண்டியிருந்தது. இளம் கைம்பெண்களின் துயரை வீதிக்குக் கொண்டுவந்த முயற்சியும் இதே மண்ணில்தான் எழுந்தது: 1930களில் காரைக்குடியிலிருந்து மாதர் மறுமணம் என்ற பெயரிலேயே ஓர் இதழ் வெளிவந்தது. மூத்த ஆச்சிமாரின் மேன்மையை எழுதுவோர் இந்த இதழையும் உடன்வைத்துப் படிக்காவிட்டால், வளவின் நிழலைக் காணாமல் அதன் தூண்களை மட்டும் கண்டவர்களாவர்.

பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில், 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் கைவச நிலம், விலைவீழ்ச்சியால் கடன் திரும்பாமல் 1937க்குள் ஏறத்தாழ 25 விழுக்காடாகப் பெருகியது. அப்பெருக்கம் செல்வமாகத் தோன்றினாலும் கைக்கு வராத செல்வமே. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பும் 1948இல் பர்மாவின் நில நாட்டுடைமைச் சட்டமும் அதனை அடியோடு கொண்டுபோயின. ஆண்கள் வெறுங்கையோடு ஊர் திரும்பிய அந்த ஆண்டுகளில், பல வளவுகளில் அடுப்பு அணையாமல் காத்தது ஆச்சியின் நகைப்பெட்டியும் பாத்திர அறையுமே.

இத்தகைய ஒருவரின் இறப்பு, வாழ்நாளில் வெளித்தெரியாத கணக்குகளை வெளியே கொண்டுவந்தது. கேதம் கேட்க வரும் உறவினர் வளவில் நிறைவர். கடல் கடந்த மகனுக்குத் தந்தி போனாலும், கப்பல் ஏறி வந்து சேர்வதற்குள் காரியங்கள் முடிந்துவிடும். நிறைவாழ்வு கண்ட மூதாட்டிக்குப் பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வரும். ஆயுள் முழுதும் வந்த சீர்வரிசையின் கடைசி உருப்படி அதுவே, அதைக் கொண்டுவருபவர் பெரும்பாலும் உடன்பிறந்தானோ அவன் மகனோ ஆவர். பின்னர் சாவிக்கொத்து கைமாறும். பழைய இந்துச் சட்டப்படி பெண்ணின் சீதனம் மகன்களுக்கு முன்னர் மகள்களைச் சேரும். மகள்களுக்குள்ளும் மணமாகாதவளுக்கே முதலுரிமை. எனவே மூத்த ஆச்சியின் மறைவு, வீட்டின் நிலமும் கடையும் ஆண்வழியில் நிற்க, வெள்ளியும் வைரமும் பெண்வழியில் பிரிந்து வேறு வளவுகளுக்குப் போகும் நாளாகவும் அமைந்தது. சில குடும்பங்களில் இறந்த மூதாட்டி முன்னோர் வழிபாடாகிய படைப்பில் இடம்பெறுகிறார். பங்காளிகள் கூடி உணவு படைத்து, அவருக்கென வாங்கிய புதுச்சேலையைப் பேழையில் வைக்கிறார்கள்.

செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தபின் தேக்குத்தூண்களுக்கும் ஆத்தங்குடித் தரைக்கும் கிடைத்த கவனம், சாமான் சிட்டைக்கும் மொய்ப்பண ஏட்டுக்கும் கிடைக்கவில்லை. வீடு விற்கப்படும்போது தூணுக்கு விலை பேசப்படுகிறது, ஏடு பழைய காகிதத்தோடு போகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனி ஆளாகத் திரட்டிய அச்சுநூல்கள் 1994இல் ஓர் ஆய்வு நூலகமாக உருப்பெற்றதுபோல, இந்தக் கையெழுத்துச் சிட்டைகளும் ஓரிடத்தில் திரட்டப்பட வேண்டும். ஒரே குடும்பத்தின் சீர்ச்சிட்டையையும் அதே குடும்பத்தின் ரங்கூன் கடைப் பேரேட்டையும் அருகருகே வைத்து, ஆச்சிமார் பணம் எந்த ஆண்டில் எவ்வளவு போயிற்று, எந்த மகளின் திருமணத்துக்குத் திரும்பி வந்தது என்று வரிவரியாகப் படிப்பதே இத்துறையின் அடுத்த வேலை.