கப்பி மீனின் வம்சம்

சென்னையின் வடமேற்கிலுள்ள கொளத்தூரில், சிமெண்டுத் தொட்டி கட்டி வர்ண மீன் வளர்ப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட குடும்பங்கள் பல உண்டு. அக்கலையின் சூட்சுமத்தை அறிய விரும்புகிறவர், விலையுயர்ந்த மீன்களை விட்டுவிட்டு, அற்பமாய்த் தோன்றும் கப்பியைக் கவனிப்பதே உசிதம்.

முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும் இம்மீனில் பகட்டான வர்ணமும் விசிறி வாலும் பெரும்பாலும் ஆணுக்கே உரியவை. பெண்ணோ, ஒருமுறை கூடியபின் அவ்வீரியத்தை உடலுக்குள் சேமித்து, ஆணின்றியே மாதக்கணக்கில் ஈன்றுகொண்டிருக்கும். ஆகவே வம்ச சுத்தியில் கருத்துள்ளவர், வயிற்றடியில் தென்படும் கரும்புள்ளியைக் கொண்டு பெண்குஞ்சுகளை இனங்கண்டு, அவை பருவமெய்துமுன்னரே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுகிறார். தன் மேனியில் காட்டாத நிறத்தையும் பெண் தன் மகனுக்கு வழங்கக்கூடுமாதலால், அவளைத் தேர்வதற்கு அவளுடைய சகோதரர்களின் வாலையே பரிசீலிக்க வேண்டியிருக்கிறது. பெண் பார்க்கப் போய் மைத்துனனைப் பார்த்துவரும் விசித்திர சம்பந்தம்!

பார்வைக்குப் பேரழகான நீண்ட வால், நீந்துவதற்கென்னவோ பாரந்தான். அதை மீன் விரும்பிற்றா என்று நாம் கேட்பதில்லை. கொசுப்புழுவைத் தின்பதற்காகக் குளங்குட்டைகளில் விடப்படும் அதன் சாதாரண உறவினருக்கு அச்சுமை இல்லை.