கல்லாவிலிருந்து தெரியும் ராவுத்தர்

சுந்தர ராமசாமியின் ‘விகாசம்’ பற்றிப் பேச்சு வந்தால் நண்பர்கள் வழக்கமாக ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள்: மிஷின் தோத்துச்சு, மனுஷன் ஜெயிச்சான். ஏஐ வந்தபிறகு இந்தப் பேச்சு இன்னும் கூடியிருக்கிறது. எனக்கு இந்த வாசிப்பு ஒட்டவே இல்லை. கதையில் மிஷின் எங்கே தோற்றது? வந்த வேலையை முடித்துவிட்டு ஜம்மென்று கடையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: ஒரு ஜவுளிக்கடை. முதலாளியின் மகன் கதை சொல்கிறான். பில் கூட்டுபவர் ராவுத்தர். அவருக்குப் பார்வை கிடையாது. விலையையும் அளவையும் வாசிக்க வாசிக்க மனதுக்குள்ளேயே பெருக்கிக் கூட்டிச் சொல்லிவிடுவார். மகன் ஒரு கால்குலேட்டர் வாங்கி வருகிறான். ராவுத்தர் சுருங்கிப்போகிறார். கடைக்கு வேண்டிய வேறு பல விஷயங்கள் அவர் தலைக்குள் இருப்பது பிறகு தெரியவருகிறது. மறுபடி மலர்கிறார்.

சு.ரா. நாகர்கோவிலில் ‘சுதர்சன்’ என்ற ஜவுளிக்கடையை நடத்தியவர். கடைக்குள் என்ன நடக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. ‘ஒரு புளியமரத்தின் கதை’யிலேயே (1966) மரத்தைச் சுற்றிக் கடைகளும் அவற்றின் போட்டியும்தான். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த பகுதி என்பதால் அங்கே தீபாவளி வியாபாரத்தோடு ஓண வியாபாரமும் உண்டு. சீசன் நெரிசலில் வேகமாக பில் போடும் ஆள் எவ்வளவு முக்கியம் என்று அந்த ஊர்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சின்னக் கடைகளுக்கு பில்லிங், ஸ்டாக் மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. அதனால்தானோ என்னவோ, இந்தக் கதையில் எனக்கு முதலில் கண்ணில் படுவது ராவுத்தரின் வேலை எப்படி இரண்டாகப் பிரிகிறது என்பது. பெருக்குவது ஒன்று. எந்த எண்ணைப் பெருக்க வேண்டும் என்று தெரிந்திருப்பது இன்னொன்று. கால்குலேட்டர் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. தப்பான விலையைக் கொடுத்தால் தப்பில்லாமல் பெருக்கித் தரும், அவ்வளவுதான். புதுச் சரக்கு வந்து விலை மாறியிருக்கிறது, பையன் பழைய விலையைப் போடுகிறான் என்பதைப் பிடிக்க ராவுத்தர் வேண்டும். சு.ரா. இதைக் கச்சிதமாகப் பார்த்திருக்கிறார்.

ஆனால் இன்று அந்த இரண்டாவது வேலையும் போய்விட்டது. லாட் வாரியாக விலை என்பது எங்கள் டேபிளில் ஒரு காலம். பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டினால் பையனுக்கு எந்த விலையும் ஞாபகம் இருக்க வேண்டாம். கட்ட வேண்டிய பணத்தை, கடைசித் தேதியை போன் ஞாபகப்படுத்துகிறது. ராவுத்தரின் நினைவாற்றலை நம்பி ‘மனிதன் வென்றான்’ என்று சொன்னால், அந்த வெற்றி அடுத்த அப்டேட் வரைக்கும்தான்.

அப்படியானால் கதை பழசாகிவிட்டதா? இல்லை. ஏனென்றால் கால்குலேட்டர் வருவதற்கு வெகுமுன்னாலேயே, ஒரு சண்டையில் கதை தொடங்கிவிடுகிறது. ராவுத்தர் வீட்டுக்குத் துணி எடுத்து எடுத்துப் பற்று ஏறிக்கிடக்கிறது. முதலாளிக்குக் கோபம். அவரை அனுப்பிவிட நினைக்கிறார். சீசன் வருகிறது, அவர் இல்லாமல் ஓடாது. விகாசத்தின் மையம் எனக்கு இந்தப் பகுதிதான். சம்பளமும் கடனும் உரிமையும் வன்மமும் ஒரே பற்று நோட்டில் கிடக்கிற உறவு அது.

சிறுநகரத்துக் கடைகள் மூடப்படும்போது நாம் எழுதும் இரங்கல் பதிவுகளில் இந்த நோட்டு வருவதே இல்லை. பழைய பாத்திரக்கடையில் வேலை பார்த்த அண்ணன் வருவார். வீட்டு அண்டாவுக்கு மூடி வேண்டும் என்று சொன்னால், எத்தனை படி அண்டா என்று மட்டும் கேட்டுவிட்டுச் சரியான மூடியை எடுத்துத் தருவார்; கல்யாணப் பாத்திரத்தில் பெயர் வெட்டும்போது இனிஷியலை நம்மிடம் கேட்கவே மாட்டார். அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு என்ன சம்பளம், முன்பணம் வாங்கி எத்தனை வருஷம் கட்டுப்பட்டுக் கிடந்தார் என்று பதிவு போடுபவர் கேட்பதில்லை. வாடிக்கையாளர் கண்ணுக்கு அது தெரியவும் தெரியாது.

சு.ரா.வுக்குத் தெரிந்திருந்தது, கதையில் வைத்துமிருக்கிறார். என் குறை வேறு. கதை முழுக்கக் கல்லாப் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது. ராவுத்தருக்கு மதிப்பு குறைவதும் கூடுவதும் கடையின் தேவையைப் பொறுத்து. முடிவில் சந்தோஷப்படுவது முதலாளி. வாசகராகிய நாமும் அவரோடு சேர்ந்துகொள்கிறோம். அந்தப் பற்று என்ன ஆச்சு என்ற கவலை முடிவுக்கு இல்லை.

மறுபக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ‘அங்காடித் தெரு’ (2010) இருக்கிறது. வசந்தபாலன் இயக்கம், ஜெயமோகன் வசனம். தென்மாவட்டங்களிலிருந்து ரங்கநாதன் தெருவுக்குப் போய், நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பிள்ளைகளின் கதை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது 2021இல். அந்தப் படத்தின் கடையில் கோபப்படுவதற்குக்கூட முதலாளி நேரில் வரத் தேவையில்லை, அதற்கு சூப்பர்வைசர் இருக்கிறார். ராவுத்தரிடம் முதலாளி சண்டை போட்டாவது பேசுகிறார். இதில் எது மேல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ‘விகாச’த்தை மட்டும் படிப்பவர்கள் அந்தக் கேள்வியே கேட்காமல் புத்தகத்தை மூடிவிடலாம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.