ஜோடி இல்லாத கதாநாயகி

கே.பி. சுந்தராம்பாளைப் பற்றி எழுதப்படும் பெரும்பாலான கட்டுரைகள் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன. கணவர் இறந்ததும் வெள்ளைச் சேலை கட்டினார். கடைசிவரை எந்த ஆணோடும் ஜோடியாக நடிக்கவில்லை. அப்புறம் கொஞ்சம் கண்ணீர், கொஞ்சம் கற்பு, அவ்வளவுதான். ஐம்பது ஆண்டுகளுக்குமேல் மேடையிலும் திரையிலும் உழைத்த ஒருவரை ஒரு சேலையின் நிறத்துக்குள் அடக்கிவிட்டோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

1908இல் கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்ந்தார். 1926இல் இலங்கையில் எஸ்.ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார், மறுவருடம் திருமணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தார். பிற்பாடு சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்களில் காதலும் இருக்கிறது, சூடான கோபமும் இருக்கிறது. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது இவருக்கு வயது 25.

அந்த வயதில், அந்தக் காலத்தில், ஒரு நாடக நடிகையின் நிலை என்ன? மேடையில் அவள் குரலை ரசித்தவர்களே கீழே இறங்கியதும் அவளை வேறு மாதிரி பேசுவார்கள். கணவனும் இல்லையென்றால் கேட்கவே வேண்டாம். அந்தச் சபதத்தில் பாசம் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் அது ஒரு கலைஞர் தன் தொழிலுக்கு விதித்த நிபந்தனையும்கூட என்றே நான் வாசிக்கிறேன். ‘என் குரலுக்கு விலை பேசுங்கள், மற்றதற்கு வேண்டாம்.’ அவர் இப்படிச் சொன்னதாக எங்கும் பதிவில்லை. அவர் ஏற்ற வேடங்கள்தான் எனக்கு இப்படிச் சொல்கின்றன.

1935இல் வெளிவந்த ‘நந்தனார்’ அவருடைய முதல் படம். ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் என்று சினிமா வரலாறுகள் சொல்கின்றன. ஏற்றது ஆண் வேடம், அதுவும் கோயிலுக்குள் விடப்படாத ஒரு பண்ணையாளின் வேடம். வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். கதைப்படி வேதியர் கடைசியில் நந்தனை வணங்க வேண்டும். ஒரு நாடகக்காரப் பெண் அந்த இடத்தில் நிற்கிறார். கல்கி அந்தப் படத்தைக் கிண்டலடித்து எழுதினார், படமும் சுமார்தான். ஆனாலும் அந்தத் துணிச்சலை எந்த விமர்சனமும் அழித்துவிட முடியாது.

அடுத்து இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜெமினியின் ‘ஔவையார்’ (1953): இளம் ஔவையாகக் குசலகுமாரி வருகிறார். கல்யாணப் பேச்சு எழுந்ததும் இளமையே வேண்டாமென்று வேண்டி முதுமையைப் பெறுகிறாள் ஔவை. ‘காரைக்கால் அம்மையார்’ (1973): புனிதவதியாக லட்சுமி. கணவன் விலகியபின் அவள் தன் அழகை உதறுகிறாள். இரண்டிலும் அந்தக் கணத்துக்குப் பிறகுதான் சுந்தராம்பாள் வருகிறார். மற்ற நடிகைகளுக்குப் படம் முடியும் இடத்தில் இவருக்குத் தொடங்குகிறது! நடுவில் ‘பூம்புகார்’ (1964). மு. கருணாநிதி வசனம் எழுதிய அந்தப் படத்தில் காங்கிரஸ்காரரான இவர் கவுந்தியடிகள் என்ற சமணத் துறவி. மனைவி, காதலி என்ற கூண்டுக்கு வெளியே தமிழ் மரபில் பெண்களுக்கு என்னென்ன இடங்கள் உண்டோ, அவற்றையெல்லாம் தேடிப் பிடித்தது போல இருக்கிறது. 1951இலேயே சென்னை மேலவை உறுப்பினராகவும் போய் அமர்ந்தார்.

நடிப்பு? நேர்மையாகச் சொன்னால் திரைக்கு அவர் பெரிய நடிகை இல்லை. ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் சிவாஜிக்குப் புருவம்கூட நடிக்கும். இவர் நேராக நிற்பார், கை கொஞ்சம் அசையும், முகம் பெரிதாக மாறாது. நாடக மேடையின் நிற்பை அப்படியே கேமரா முன்னால் கொண்டுவந்து வைத்தார். ‘ஔவையார்’ இன்று சில இடங்களில் பொறுமையைச் சோதிக்கிறது.

ஆனால் பாடத் தொடங்கியதும் கணக்கே மாறிவிடுகிறது. நம்ம பினாங்கில் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள், பந்தலுக்குப் பந்தல் ஒலிபெருக்கி. பத்துப் பாட்டு ஒன்றோடொன்று மோதி வெறும் இரைச்சலாகிவிடும். அதற்குள்ளும் சுந்தராம்பாள் குரல் வார்த்தை வார்த்தையாகப் பிரிந்து கேட்கும். இஞ்சினியர் புத்தி, காரணம் தேடும். மைக் இல்லாத காலத்தில், கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் போய்ச் சேர வேண்டும் என்று பழகிய குரல் அது. உச்சத்தில் ஏறினாலும் மெய்யெழுத்து கரையாது. அந்தக் குரலில் குழைவு குறைவு. கெஞ்சல் அறவே இல்லை. முருகனிடம் பேசும்போதுகூடப் பேரனை அதட்டும் கிழவியின் உரிமைதான். அவருடைய நடிப்பு முழுக்கத் தொண்டையில் இருந்தது.

‘துணைவன்’ படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தபோது அறுபதைத் தாண்டியிருந்தார். 45 வயதில் படத்தின் பெயரையே தன் வேடமாகச் சுமந்தவர். இன்றைக்கும் தமிழ் சினிமாவில் அந்த வயதுப் பெண்ணுக்குப் பெரும்பாலும் ஹீரோவின் அம்மா வேடம்தான். வெள்ளைச் சேலையைப் பற்றி உருகுகிறவர்கள் இந்தக் கணக்கையும் கொஞ்சம் பார்க்கலாம். பத்தினி என்று கும்பிட்டுவிட்டால் வேலை முடிந்துவிடுகிறது. கலைஞர் என்று சொன்னால்தான், அவர் எடுத்த முடிவுகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து படிக்க வேண்டிவரும்.