அலைகள் காட்டும் ஆழம்

வடகிழக்கு ஜப்பானின் அடியில் பசிபிக் தட்டு ஆண்டுக்குச் சுமார் 8 சென்டிமீட்டர் வீதம் சரிந்து இறங்குகிறது. எந்தத் துளைக்கருவியும் எட்டாத அந்த ஆழத்தை நிலநடுக்க அலைகளே காட்டித் தருகின்றன. யாரும் உணராத சிறு அதிர்வுகளும் இதற்கு உதவும். பாறையை நெருக்கித் தளர்த்தியபடி முதன்மை அலை முந்தி வருகிறது. பக்கவாட்டில் குலுக்கும் இரண்டாம் அலை பின்தொடர்கிறது. குளிர்ந்து இறுகிய தட்டின் வழியே வந்த அலை எதிர்பார்த்த நேரத்துக்குச் சற்று முன்பே வந்துவிடும். எரிமலைகளின் அடியில் சூடேறி ஓரளவு உருகிய பாறையைக் கடந்ததோ தயங்கித் தயங்கி வரும். அந்தத் தயக்கம் இரண்டாம் அலையில் இன்னும் கூடுதல். இந்த நுண்ணிய முந்தலும் பிந்தலுமே அந்த ஆழத்தின் படத்துக்கு மூலப்பொருள்.

இந்த அலைகளைக் கேட்பதற்கு அமைதி வேண்டும். ஜப்பானின் ஹைநெட் நிலநடுக்கக் கண்காணிப்பு வலையமைப்பின் நிலஅதிர்வுமானிகள் பெரும்பாலும் 100 மீட்டரும் அதற்கு மேலும் ஆழமான துளைகளில் இருக்கின்றன; காற்றின் உலுக்கலும் லாரிகளின் உறுமலும் அங்கே மங்கிவிடுகின்றன. நடுங்கும் கோட்டில் அலை தலைகாட்டும் கணத்தைப் பிரித்தறிவது அழகான திறமை. கணினி அதை விரைந்து குறித்தாலும், ஐயமான இடங்களில் பழகிய கண் பொறுமையாகத் திரும்பப் பார்க்கிறது. ஆயிரக்கணக்கான அலைப்பாதைகள் தறியின் இழைகள்போல் குறுக்கும் நெடுக்குமாகச் சேர, சாய்ந்த தட்டின் உருவம் மெல்லத் துலங்குகிறது. பாறை அடுக்குகளின் எல்லையில் முதன்மை அலையின் சிறு பங்கு இரண்டாம் அலையாக மாறும். அது வந்துசேரும் தாமதம் எல்லையின் ஆழத்தைச் சொல்லும். கருவிகள் நிலத்தில் மட்டும் இருந்தவரை கடலடி அகழியின் பக்கம் படம் மங்கலாகவே இருந்தது. அங்கே 2011இல் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்துக்குப் பின் கடற்படுகையில் அமைந்த எஸ்நெட் வலையமைப்பின் 150 நிலையங்கள் அந்தப் பகுதியையும் தெளிவாக்கி வருகின்றன.